ஏழு ஆறுகளோடு யாழ்ப்பாணம் போனேன்

ஜூன் 9

நாவலை முடிக்கத்தான் யாழ்ப்பாணம் வந்திருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. அங்கே எழுத முடியாததற்குக் காரணங்கள் பல: அம்மா, அம்மாவின் மிக்ஸி, அலுவலகக் கணக்கு, "அந்த டிராகன் கதை எப்ப முடியும்?" என்று ஞாயிறுதோறும் போனில் கேட்கும் சித்தப்பா. டிராகன் இல்லை சித்தப்பா, பெருநாகம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஃபேன்டசி நாவல் எழுதுகிறேன் என்றால் நம் ஆட்கள் முதலில் "குழந்தைகளுக்கா?" என்பார்கள். இல்லை என்றால், "ஓ, ராஜா கதை. எந்த ராஜா?" நானே உண்டாக்கிய ராஜா என்றால், "இருக்கிற ராஜாக்கள் போதாதா?" இதற்கு மேல் பேச்சை வளர்க்க எனக்குத் தெம்பில்லை.

யாழ்ப்பாணம் அமைதியான ஊர், போய் உட்கார்ந்தால் கடைசி அத்தியாயங்கள் தானாக வரும் என்று ஒரு தோழி சொன்னாள். நல்லூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவைத் தெருவே அன்ரி என்கிறது, நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். பெட்டியை இறக்குவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. எந்த ஊர், என்ன வேலை, கலியாணம் ஆச்சா, ஏன் இல்லை, தனியாகவோ வந்தது. கதை எழுத வந்திருக்கிறேன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கதை பிள்ளை?"

ஏழு ஆறுகள் ஓடும் ஒரு தேசம், ஸைரோனன் என்ற இளவரசன், ஏழு ஆறுகளையும் குடித்துவிடத் துடிக்கும் பெருநாகம். முடிந்தவரை சுருக்கிச் சொன்னேன். அன்ரி பெயரிலேயே நின்றுவிட்டார்.

"ஸைரோனனோ? காலமை ஒண்டு, இரவு ஒண்டு, சாப்பாட்டுக்குப் பிறகோ?"

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். பிறகு ஒரு கருத்தக்கொழும்பான் மாம்பழத்தை நறுக்கி, மிச்சப் புட்டோடு பிசைந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். ஸைரோனன் விவகாரத்தை மன்னித்துவிட்டேன்.

ஜூன் 10

காலை ஆறு மணிக்கு எழுத உட்கார்ந்தேன். இளவரசனின் ஆசான் இறக்கும் இடம். நாவலில் நான் அழுதுகொண்டே எழுதுகிற ஒரே இடம் அதுதான். ஆசான் கடைசிச் சொல்லுக்காக வாயைத் திறக்கும்போது தெருவில் சங்கீதம் கிளம்பியது. வாழ்த்து அட்டையைத் திறந்தால் கேட்குமே ஒரு கீச்சு மெட்டு, அதை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு பாண், நம்மூர் ரொட்டி, விற்கும் ஆட்டோ வருகிறது. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், பணிஸ், மீன் வைத்த மாலுபாண். தெருக்கோடி வரை போய்த் திரும்பியும் வந்தது. ஆசான் இரண்டு தடவை இறந்தார். நான் இறங்கிப் போய் பணிஸ் வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போது அன்ரி விட்ட இடத்தில் தொடங்கினார்.

"ஒரு தேசத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை ஏழு ஆறு?"

காவிரிக்கரையில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆறு இல்லாமல் ஊர் எப்படி என்று நானும் திருப்பிக் கேட்டேன்.

"நாங்கள் இருக்கிறம்தானே."

"யாழ்ப்பாணத்தில் ஒரு ஆறுகூட இல்லையா?"

"ஏன் இல்லை? வழுக்கையாறு இருக்கு. மாரியில வந்தா பாக்கலாம்."

குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிவிடுகிறது, ஊர் கிணற்றை நம்பிப் பிழைக்கிறது. அப்படியானால் கிணற்றையே பார்த்துவிடலாம் என்று நிலாவரைக்குப் போனேன். அடியே இல்லை என்று பெயர் வாங்கிய கிணறு. இராமர் தாகத்துக்கு அம்பு குத்தி உண்டாக்கியது என்று கதை. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கிறது. கம்பி வேலி, கரும்பச்சைத் தண்ணீர், ஓரத்தில் மிதக்கும் ஒரு பிஸ்கட் உறை. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு.

அது ஏன் அப்படி என்று விளக்கியவர், திரும்பி வரும் வழியில் சிவப்பு மண் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு ஐயா.

"மழைத் தண்ணி பாரம் குறைவு, மேல நிக்கும். கடல் தண்ணி கீழ நிக்கும். ஆசைப்பட்டு மெசினைப் போட்டுக் கூட இறைச்சா, கீழ நிக்கிறது ஏறி வந்திடும். பேந்து தோட்டம் முழுக்க உப்புத்தான்."

எழுத்துப் பட்டறைகளில் இதை ஓயாமல் சொல்வார்கள். மந்திரத்துக்கு ஒரு விலை வேண்டுமாம், அளவுக்கு மேல் எடுத்தால் அது திருப்பி அடிக்க வேண்டுமாம். அந்த விலையைத் தேடி நோட்டு நோட்டாகக் கிறுக்கியிருக்கிறேன். இவர் மண்வெட்டியால் ஒரு வரப்பை வெட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். அவசரமாக எழுதிக்கொண்டேன். ஐயாவின் முகம் மாறிவிட்டது.

"காணி அளக்க வந்தனீங்களோ?"

இல்லை, கதைக்கு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தெருவில் நுங்கு, மூன்று 200 இலங்கை ரூபாய். வெயிலுக்கு அதைப் பேரம் பேச மனம் வரவில்லை.

ஜூன் 11

கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்து ஐந்து மூலைகளோடு திருத்திக் கட்டியது. என் நாவலிலும் ஒரு கோட்டை உண்டு. அதன் மதிலைக் காவலன் ஒருவன் இரவெல்லாம் சுற்றுகிறான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று, வாய்விட்டு அடி எண்ணிக்கொண்டே மதில்மேல் நடந்தேன். கொத்தளத்து மூலையில் ஒரு காதல் ஜோடி. என்னைப் பார்த்ததும் குடையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பத்தடி தள்ளி இன்னொரு குடை. எண்ணிக்கை தவறிவிட்டது. காவலனுக்கு அன்றிரவு விடுமுறை கொடுத்துவிடலாம்.

பிறகு அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பொது நூலகம். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி. 1981இல், ஜூன் மாதம் பிறந்த இரவில் இதை எரித்தார்கள். போனவை 97,000 அளவில் புத்தகங்களும் சுவடிகளும் என்கிறார்கள். பல சுவடிகளுக்கு வேறு பிரதி கிடையாது. இப்போது திருத்திக் கட்டி, வாசிப்பு அறையில் பள்ளிப் பிள்ளைகள் தலை குனிந்து படிக்கிறார்கள்.

ஃபேன்டசிக்காரர்களுக்கு நூலகத்தை எரிப்பதில் ஒரு தனிப் பிரியம். நானும் பதினோராம் அத்தியாயத்தில் ஒன்றை எரித்திருக்கிறேன். ஒரே பத்தி. தீயின் நிறத்துக்கு மூன்று உவமை. அந்த அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறக்கவில்லை. யாரோ விட்டுப்போன அன்றைய பேப்பரை எடுத்து மரண அறிவித்தல் வரை படித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நல்லூரில் ஐஸ்கிரீம். உயரக் கண்ணாடிக் கோப்பையில் மூன்று நிறம், மேலே ஜெலி, முந்திரி, ஒரு வேஃபர். 450 ரூபாய். ஒரு குடும்பம் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஆளுக்கு ஒன்று முன்னால் வைத்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் சாப்பிட்டது.

ஜூன் 12

கீரிமலை. கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் பாக்கு நீரிணை உப்பாகக் குமுறுகிறது, இந்தப் பக்கம் நன்னீர் ஊறுகிறது. பெண்களின் கேணி தனியாக, மறைப்போடு இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. இந்த வெயிலில் அதைவிட்டு எழுந்து வர ஒருவருக்கும் மனமில்லை.

பக்கத்தில் தலைக்குக் கட்டிய துண்டோடு கழுத்தளவில் நின்ற ஒரு ஆச்சி, நான் கேட்காமலே தலபுராணம் சொன்னார். நகுல முனிவருக்குக் கீரி முகம், இதில் முழுகி மாறியது. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம், அதுவும் இதில் முழுகி மாறியது.

"பிறகு?"

"பிறகென்ன, மாவிட்டபுரத்தில கோயிலைக் கட்டினா. சிங்க முகத்தோட இருந்த உக்கிரசிங்கன் வந்து அவவைக் கொண்டுபோய்க் கலியாணம் கட்டினான்."

"அவனும் இங்கே முழுகினானா?"

ஆச்சி யோசித்தார். "ஆம்பிளைதானே. ஆர் பாக்கப்போகினம்?"

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் நாவலில் ஸைரோனனின் தங்கைக்கு மேல் ஒரு சாபம். அதை நீக்க இரண்டு மலை ஏறி, ஒரு பேசும் மரத்தோடு தர்க்கம் செய்து, ஏறக்குறைய 400 பக்கம் செலவாகிறது. இங்கே ஒரு முழுக்கு. கேட்கிறவர்களும் எப்படி மாறியது என்று கேட்பதில்லை, அப்புறம் யாரைக் கட்டினாள் என்றுதான் கேட்கிறார்கள். நானே அதைத்தான் கேட்டேன், பாருங்கள்.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஒரு செருப்பைக் காணோம். ஒன்றே ஒன்று. நாய் என்றார் கடைக்காரர். எந்த நாய் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடமே 650 ரூபாய்க்கு இரப்பர் செருப்பு வாங்கினேன். அவருக்கும் நாய்க்கும் ஏற்பாடு இருக்குமோ என்ற சந்தேகம் பஸ்ஸில்தான் வந்தது.

ஜூன் 13

இன்று எங்கும் போகாமல் எழுதுவது என்று முடிவு. அன்ரி வேறு முடிவு செய்திருந்தார். கூழ்.

ஒடியல் கூழ் சாதாரணச் சமையல் இல்லை. அது வெளியில் கல் வைத்து, அண்டாவில் தண்ணீர் கொதிக்க, அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு செய்கிற காரியம். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கொஞ்சம் அரிசி. எல்லாம் வெந்த பிறகு புளியும் அரைத்த செத்தல் மிளகாயும். கடைசியாக ஊறவைத்துப் பிழிந்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்ற, அண்டா கெட்டியாகிக் குமிழி விடுகிறது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது. பனையின் எந்தப் பாகத்தை இந்த ஊர் விட்டுவைத்திருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

எனக்குப் பலாக்கொட்டை உரிக்கும் வேலை. உரித்துக்கொண்டே, கேட்டதால், விருந்து அத்தியாயத்தைச் சொன்னேன். ஏழு தேசத்துத் தூதுவர்கள், பொன் தட்டுகள், பழங்கள், வாட்டிய இறைச்சி.

"என்ன இறைச்சி?" என்றார் நண்டு உடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா.

"இறைச்சிதான். காட்டு மிருகம்."

"ஆர் உரிச்சது? எத்தினை பேருக்கு? சோறு இல்லையோ?"

"எல்லாருக்கும் ஒரே கறியோ?" இது அன்ரி. "மச்சம் சாப்பிடாத ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ? ஏழு தேசம் எண்டுறியள்."

பெருநாகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாம்பு ஆற்றைக் குடிக்கும் என்றால் சரி, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மந்திரவாதி வானத்தைக் கிழித்தான் என்றேன், தலையாட்டினார்கள். விருந்தில் சோறு இல்லை என்பதை மட்டும் தாங்க முடியவில்லை. சமையற்காரி என்று ஒரு பாத்திரமே என் நாவலில் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூழ் கிடைத்திருக்காது.

பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றித் தந்தார்கள். முதல் வாயில் புளி, அடுத்ததில் கடல், அதற்கடுத்து உறைப்பு காது வழியாக வெளியே வந்தது. மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தேன். இரண்டாம் பிளாவை வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எனக்கு அப்போது இல்லை. பிற்பகல் முழுக்கத் தூங்கிப்போனேன். எழுந்தால் கோயில் ஒலிபெருக்கி. அமைதியான ஊர் என்று சொன்ன தோழிக்கு அதைப் பதிவு செய்து அனுப்பினேன்.

எழுதிய சொற்கள்: பூஜ்யம்.

ஜூன் 14

நயினாதீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து மரப்படகு. குனிந்து உள்ளே இறங்கி, பலகையில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். எனக்கு மேல்தட்டில் வாசலோரம் இடம் கிடைத்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று சீசன், கடல் சும்மா இருக்கவில்லை.

அங்கேதான் வரைபடத்தை எடுத்தேன். ஃபேன்டசி எழுதுகிற யாரிடமும் வரைபடம் இருக்கும். கதை இல்லாவிட்டாலும் வரைபடம் இருக்கும். என்னுடையது பெரிய சார்ட்டில், நான்கு வண்ண மையில், மலைக்கு மலை நிழல் போட்டு வரைந்தது. தீவுகளுக்கு நடுவே போகும்போது என் தீவுகள் எப்படியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று விரித்தேன். காற்றுக்கு அவ்வளவே வேண்டியிருந்தது.

மொத்தப் படகும் எழுந்து பார்த்தது. கயிற்றோடு நின்ற பையன் கேட்டான்: "அக்கா, உது முக்கியமான பேப்பரோ?"

அதற்கு என்ன பதில் சொல்வது? ஏழு ஆறும் மூன்று மலைத்தொடரும் அலைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எதிரே இருந்த பெரியவர் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார்.

"யோசியாதேங்கோ பிள்ளை. உது பின்னேரத்துக்குள்ள காரைநகருக்குப் போய்ச் சேந்திடும்."

அது காணி உறுதி, அதாவது நிலப்பத்திரம் என்று நினைத்து ஒரு அம்மா எனக்காக அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். திருத்த எனக்கு வாய் வரவில்லை.

நாகபூசணி அம்மன் கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது, எங்கு திரும்பினாலும் நாகம். கொஞ்சம் தள்ளி பௌத்த விகாரை. இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காகப் போருக்கு நின்றார்கள், புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்பது மகாவம்சக் கதை. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலா தெய்வம் தூங்குகிற மணிமேகலையைத் தூக்கிவந்து இறக்கிய மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவளுக்குக் கிடைத்தது இங்கேயாம். நாகத்தை நான்தான் புதிதாகக் கொண்டுவருகிறேன் என்று சித்தப்பாவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். இங்கே நாகங்களுக்கு நாற்காலிச் சண்டை முடிந்தே பல நூற்றாண்டு.

மணிமேகலை எழுதிய சாத்தனார் கெட்டிக்காரர். கடலை ஒரே இரவில் தாண்டவைத்தார், வழிச்செலவு கேட்பாரில்லை. சாப்பாட்டுக்கும் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டார். விருந்தில் சோறு எங்கே என்று அன்ரி அவரைக் கேட்க முடியாது.

மதியம் கோயில் அன்னதானம். மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். பரிமாறிய தம்பி நான் கையால் மறித்ததற்கு மேலேயே இன்னொரு கரண்டி வைத்தான்.

ஜூன் 15

நெடுந்தீவு. படகு ஒரு மணி நேரம். பாதி வழியில் என் வயிறு கையை விரித்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா பையிலிருந்து ஒரு தேசிக்காயை, நம்மூர் எலுமிச்சையை, எடுத்து நகத்தால் கீறி என் கையில் வைத்தார். "மணந்துகொண்டு இருங்கோ. கடலைப் பாக்காதேங்கோ, தூரத்தைப் பாருங்கோ." இறங்கும்போது பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒல்லாந்தர் இதற்கு டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம். ஒரு ஸைரோனனுக்காக நான் பட்ட பாட்டை நினைத்தால் வயிறு எரிகிறது. சோம்பேறிகள், ஆனால் வேலை முடிந்துவிட்டது பாருங்கள்.

தீவைச் சுற்றிக் காட்ட ஆட்டோ 3,000 ரூபாய். ஓட்டிய அண்ணை குறைவாகப் பேசுகிறவர். வழியெல்லாம் சாந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள், நடுவே பனைகள். முதலில் பெருக்க மரம், அதாவது பாவோபாப். பத்துப் பேர் கைகோர்த்தால்தான் சுற்றலாம், உள்ளே பொந்தில் ஆள் நிற்கலாம். அடுத்து ஒரு புறாக்கூடு, தூண் நிறையப் பொந்துகள், ஒல்லாந்தர் தபால் புறா வளர்த்ததாம். என் நாவலில் செய்தி கழுகில் போகிறது என்றேன்.

"கழுகுக்குப் புறாவைப் பிடிச்சுத் தின்னத்தான் தெரியும்," என்றார். அதோடு சரி.

பிறகு வளரும் கல்.

"உண்மையிலேயே வளர்கிறதா அண்ணை?"

"ஓம்."

"எவ்வளவு?"

"ஆர் அளந்தது?" என்றார், ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே. "வாங்கோ, கால் பாக்கவேணும்."

கால் என்பது கல்லில் பதிந்த ஒரு பிரம்மாண்டமான பாதம். யாருடையது என்று கேட்டேன். பெரிய ஆளுடையது என்றார்.

மேய்ச்சல் வெளியில் குதிரைகள். ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டுப்போனவற்றின் வம்சம். சேணம் காணாதவை, பிடரி கலைந்து, வயிறு ஒட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் சாவதும் உண்டாம். சனம் தொட்டியில் நிரப்பி வைக்கிறது. ஸைரோனனின் குதிரை பாலைவனத்தில் மூன்று பகல் நிற்காமல் ஓடுகிறது. அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. இனி யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்ற முடிவில் இருந்தேன்.

துறைமுகத்துக்கு வந்தால் படகு போய்விட்டிருந்தது. காற்று கூடப் போகிறது என்று நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். அறிவித்தார்களா என்றேன். எல்லோருக்கும் தெரியும் என்றார் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர். எல்லோரிலும் நான் சேர்த்தி இல்லை. அடுத்த படகு நாளைக் காலை. அண்ணை ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவைத் தன் அக்கா வீட்டுக்கு விட்டார்.

அக்கா வீட்டில் விளைமீன் குழம்பும் குத்தரிசிச் சோறும். காசு பேச்சை எடுத்ததும் அக்கா கோபித்துக்கொண்டார். சாப்பிட்ட பிறகு அவருடைய மகன், மூன்றாம் வகுப்பு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாமா சொல்லியிருக்கிறார், நான் கதைக்காரி என்று. சொல்லியே ஆக வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என்ற முடிவை மறந்து முழுக் கதையையும் சொன்னேன். பெருநாகம் ஒவ்வொரு ஆறாகக் குடிப்பதை நானே எழுந்து நடித்துக் காட்டினேன். ஏழாவது ஆற்றில் நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

"ஏழு ஆத்தையும் குடிச்சா," என்றான் அவன், "பேந்து எங்க ஒண்டுக்குப் போகும்?"

"டேய்!" என்று உள்ளேயிருந்து அம்மா.

"போகத்தானே வேணும்? போனா எட்டாவதா ஒரு ஆறு வரும். அது உப்பா இருக்கும்."

திட்டு வாங்கிக்கொண்டு தூங்கப் போய்விட்டான். எனக்கு எரிச்சல். பெருநாகம் ஆதிப்பசியின் வடிவம், அதற்கு மூத்திரப்பை கிடையாது. பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஆறும் வற்றிய தேசத்தில் எட்டாவதாக ஒரு உப்பாறு. வயலெல்லாம் உப்பு ஏறும். கூட இறைத்தால் கீழே நிற்கிறது ஏறி வரும் என்றாரே வெங்காயத் தோட்டத்து ஐயா. அப்படியானால் நாகத்தைக் கொன்றால் மட்டும் போதாது. அப்படியானால் மூன்றாம் பாகம் முழுக்க மாறுகிறது. அப்படியானால் ஒரு சமையற்காரி வேண்டும், உப்பைப் பற்றி முதலில் அவளுக்குத்தானே தெரியும்.

இரவு இரண்டு மணிக்கு போன் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கொசு வேறு.

ஜூன் 16

படகு, தேசிக்காய், பஸ். இந்தத் தடவை பழம் என்னுடையது. அன்ரி வாசலிலேயே நின்றார், இரவெல்லாம் தூங்கவில்லையாம், என்னைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லியும்விட்டாராம். திட்டு முடிந்ததும் பாணும் சம்பலும். சமையற்காரி வருகிறாள் என்ற செய்தியைச் சொன்னேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அவவுக்காவது ஒழுங்கான பேர் வையுங்கோ" என்றார்.

மத்தியானத்திலிருந்து இரவு வரை எழுதினேன். ஒலிபெருக்கி பாடியது, பாட்டு நன்றாகவே இருந்தது.

ஜூன் 17

பலாலி விமான நிலையத்துக்கு ஆட்டோ. அன்ரி புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) ஒரு கட்டும், பனங்கட்டி ஒரு குட்டானும் (சின்ன ஓலைப்பெட்டி) பையில் திணித்தார். சித்தப்பாவுக்கு என்று தனியாக ஒரு போத்தல் மிளகாய்த்தூள். சித்தப்பாவைப் பற்றி நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

ஆட்டோக்காரர் 2,800 கேட்டார், 2,500 என்றேன், "ஏறுங்கோ பாப்பம்" என்றார். சுன்னாகம் தாண்டுவதற்குள், நான் கதை எழுதுகிறவள் என்பதை அன்ரி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

"கதையில கெட்டவன் ஆர் தங்கச்சி?"

நாகத்துக்கு வழிகாட்டும் ஒரு மந்திரி இருக்கிறான் என்றேன்.

"அவன் எந்த ஊர்?"

"கற்பனை ஊர் அண்ணை. இன்னும் பெயர் வைக்கவில்லை."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை, காரணம் பிறகு வருகிறது.

"ஏன் அந்த ஊர்?"

"மனிசியின்ர ஊர். அவவின்ர தமையன்மார் மூண்டு பேரும் அங்கதான் இருக்கினம்." கொஞ்ச நேரம் ஓட்டினார். "போடுவியள் எண்டா, நான் இரண்டாயிரத்து முந்நூறு எடுக்கிறன்."

"மூன்று தமையன்மாரையும் சேர்த்துப் போடுவதென்றால்?"

"இரண்டாயிரம்," என்றார் உடனே.